கொட்டகைக்கு எத்தனை பாயின்ட்?

"செட்டுக்கு மட்டும் எத்தனை பாயின்ட் சார் வரும்?" என்று கேட்டுவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே எழுதத் தயாராக நின்றார் ஒயரிங் வேலைக்கு வந்த தம்பி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டின் மேற்குப் பக்கம், மூன்று புறம் சுவர், மேலே தகரக் கூரை, முன்னால் இரும்பு கேட் என்று பாதி வேலையில் நிற்கும் கார் செட் அது. நான் சொல்லச் சொல்ல எழுதினார். ட்யூப் லைட் இரண்டு, ஃபேன் ஒன்று, காற்றடிக்கும் பம்புக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பிளக் இரண்டு, கேட் விளக்கு, கேமரா, காலிங் பெல், பேட்டரி காருக்குத் தனி லைன். "ஒன்பது பாயின்ட் சார்" என்று அவர் அடிக்கோடு போட்டபோது, புவனகிரிக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரை ஊரில் அப்பா போட்டிருந்த வண்டிக் கொட்டகை என் கண்ணுக்குள் வந்து நின்றது. 1967 வரை அதில் ஒரு பாயின்ட்கூடக் கிடையாது. இருட்டு இருந்தது, அந்த இருட்டுக்குள் இரண்டு மாடுகள் அசைபோடும் சத்தம் இருந்தது, கழுத்துமணி எப்போதாவது ஒரு தரம் கிணுங்கும்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கொட்டகை இருந்திருக்கும். பனைமர விட்டம், சவுக்குக் கைமரம், மூங்கில் வரிச்சு, அதன்மேல் தென்னங்கீற்று. இறவாணம் எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்றால், பெரியவர்கள் குனியாமல் உள்ளே போக முடியாது. பத்து வயதில் நான் மட்டும் நிமிர்ந்தபடியே நுழைந்து போவேன், அதில் எனக்கு ஒரு பெருமிதம். இறவாணத்தில் கருக்கரிவாள் செருகியிருக்கும், அதற்குப் பக்கத்தில் அம்மா யாருக்கும் தெரியாமல் முடிந்துவைத்த சில்லறைத் துணி. வண்டியின் நுகத்தடி தரையில் சாய்ந்திருக்க, மூலையில் கலப்பை, பரம்பு, சுருட்டிய பூட்டாங்கயிறு, மசகு டப்பா. வைக்கோலும் சாணமும் மசகும் சேர்ந்த அந்த வாசனையை இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வெறுங்காலோடு மணல் சுடச்சுட ஓடிவந்து, கொட்டகைக்குள் காலை வைத்த கணத்தில் உள்ளங்காலில் ஏறுமே ஒரு குளிர்ச்சி, அது நெற்றி வரைக்கும் போகும். வண்டியின் அடியில் சாக்கை விரித்துப் படுத்தால் மாலை வரை எழுந்திருக்கத் தோன்றாது. அதை ஒரு வசதி என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. கொட்டகை என்றால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்ச்சிக்குப் பின்னால் எத்தனை பேருடைய கை இருந்தது என்பது, இந்தச் செட்டுக்குக் கூரை போட நேர்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அறுவடை முடிந்து மாசி பிறந்ததும், தென்னை மட்டைகளை நடுவே கிழித்துக் குட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஊறாத ஓலை முடையும்போது முறிந்துவிடும். ஊறியதைக் கரையேற்றி, புங்கமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் முடைவார்கள். பேச்சும் சிரிப்பும் ஓலையோடு சேர்ந்தே பின்னப்படும். அப்புறம் கூரை மேய்கிறவர் வருவார். கீழிருந்து தொடங்கி, ஒரு கீற்றின்மேல் அடுத்ததை ஒரு சாண் இடம் விட்டு ஏற்றி ஏற்றி வைத்து, பனை நாரால் இழுத்துக் கட்டி முகட்டை எட்டும்போது, எந்த இடத்தைத் தொட்டாலும் நாலைந்து அடுக்கு கீற்று இருக்கும். ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே சிறைப்பட்ட காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது. உள்ளே சூடாகிற காற்று முகட்டின் இடுக்குகள் வழியே தானாகவே மேலேறிப் போய்விடும். தாழ்ந்த இறவாணம் சாய்ந்த வெயிலை உள்ளே விடாது, சாணம் மெழுகிய மண்தரை ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாக மேய வேண்டும். பழைய கீற்று அடுப்புக்கும் எருக்குழிக்கும் போகும். குப்பை என்று ஒன்று மிஞ்சியதாக எனக்கு நினைவில்லை.

வண்டிக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை நம்மவர்கள் எவ்வளவு மதிப்போடு பார்த்திருக்கிறார்கள் என்பதற்குச் சிதம்பரத்துக் கீழவீதியைத்தான் சொல்லத் தோன்றுகிறது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரான நடராசரே தேரேறி வீதிக்கு வருகிற ஊர் அது. ஐந்து தேர்களும் நாலு வீதியும் சுற்றி முடித்து, அசைந்து அசைந்து பழைய இடத்துக்கே வந்து நின்றதும், கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழும். "தேர் நிலைக்கு வந்தாச்சு" என்று அப்பா சொல்லுவார். அதே அப்பா, சிதம்பரம் சந்தையிலிருந்து இரவில் திரும்பி, மாட்டை அவிழ்த்து, வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தியதும், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொல்வதும் அதே வார்த்தைதான். நிலை என்ற சொல்லில் ஓய்வும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. பொன்னம்பலத்துக் கூரையில் 21,600 பொன்னோடுகள், மனுஷன் ஒரு நாளைக்கு விடுகிற மூச்சின் கணக்கு என்று கோயிலில் சொல்லக் கேட்டிருந்த எனக்கு, கூரை என்பதே மூச்சு விடுகிற ஒன்று என்று சிறுவயதிலேயே மனதில் பதிந்துபோயிற்று. கீற்றுக்கூரையும் மூச்சு விட்டது. இப்போது போட்டிருக்கிற தகரம் விடுவதில்லை.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் கம்பம் வந்தது 1967-இல். அதற்கு முன்பே ராத்திரியில் மேற்கே வானத்தின் ஓரம் வெளுத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். "நெய்வேலி வெளிச்சம்" என்று பெரியப்பா கை நீட்டிக் காட்டுவார். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்த மண்தான் இன்றைக்கு விளக்காக எரிகிறது என்று அவர் கதை சொல்லும்போது, நாங்கள் அரிக்கேன் விளக்கின் முன்னால் உட்கார்ந்திருப்போம். 1957-இல் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கி, 1962-இல் சோவியத் நாட்டு உதவியோடு முதல் மின் உற்பத்தி எந்திரம் ஓடி, அதற்கும் ஐந்து வருஷம் கழித்து அந்த வெளிச்சத்தில் ஒரு துளி எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

சிதம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒயர்மேன் அண்ணனை நான் மூன்று நாள் பிரியவே இல்லை. சுவரில் உளியால் துளை போட்டு மரக்கட்டை அடித்து இறுக்கினார். அதன்மேல் மெல்லிய தேக்குச் சட்டத்தை நூல் பிடித்த மாதிரி ஆணியடித்தார். சட்டத்தின்மேல் ஒயரை ஓட்டி, ஒரே சீரான இடைவெளியில் தகரக் கிளிப்பை மடக்கிக்கொண்டே போனார். வளைவு வருகிற இடத்தில் கிளிப்புகள் நெருங்கி வரும். விளக்குக்கு ஒரு மர ரவுண்டு பிளாக், அதன்மேல் பித்தளை ஹோல்டர், சுவிட்சுக்குக் கறுப்புக் குமிழ். கீழே தள்ளினால் டக்கென்று ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்காகவே தள்ளலாம். 'மூணு இருபது', 'ஏழு இருபது' என்று அவர் ஒயரை எண்ணாகவே சொல்வது எனக்கு வாய்ப்பாடு மாதிரி இருந்தது. மிஞ்சிய துண்டு ஒயரைக் கேட்டு வாங்கி, அதன் செம்புக் கம்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அந்தச் சிறுவனை இப்போது நினைத்தாலும் பிரியமாக இருக்கிறது. உலகத்தில் அதைவிட உயர்ந்த வேலை இல்லை என்று அவன் நம்பினான். நம்பியதில் பெரிய தப்பு இல்லை என்றே இன்றும் படுகிறது. ஏனென்றால் அந்த வேலையில் எதுவும் மறைந்திருக்கவில்லை. எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று திண்ணையில் படுத்தபடியே கண்ணால் தொடர்ந்து போகலாம். இன்றைக்கு மெஷினை வைத்துச் சுவரில் காடி வெட்டி, பைப்பைப் புதைத்து, சிமென்ட் பூசி, பெயின்டும் அடித்துவிட்டால், ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று போட்டவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும். படம் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு மூன்று பாயின்ட், கொட்டகைக்கு ஒன்று. வீட்டிலிருந்து கொட்டகைக்கு நடுவே இருந்த இருபது அடிக்கு ஒரு இரும்புக்கம்பியைக் கட்டி, அதன்மேல் ஒயரைச் சுற்றி அழைத்துப் போனார் அண்ணன். நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு. முதல் நாள் அதை எரியவிட்டபோது மாடுகள் இரண்டும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மழைக்காலத்தில் ஈசல் அந்தப் பல்பைச் சுற்றி மொய்க்க, கீழே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துப் பிடித்தது, விடியற்காலை பால் கறக்கிறபோது அந்த மஞ்சள் வெளிச்சத்தில் செம்புக்குள் விழும் பாலின் நுரை, பரீட்சை நாட்களில் வீட்டில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து படித்தது எல்லாம் அந்த ஒரு பாயின்ட்டால் கிடைத்தது. ஒன்பது பாயின்ட் எனக்கு இதைவிடப் பெரிதாக எதைத் தந்துவிடப்போகிறது என்று சுவரில் எழுதிய கணக்கைப் பார்த்து நினைத்தேன்.

ஆனால் அந்த ஒரு பாயின்ட் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும். 1974 ஐப்பசி. நாலு நாள் விடாத மழை. கூரை ஒழுகி, ஒயர் ஜாயின்ட்டில் சுற்றியிருந்த துணி டேப் ஊறிப்போய், அந்த ஈரம் இரும்புக்கம்பிக்கும் கரண்டைக் கொண்டு வந்துவிட்டது. கம்பியின் மறுமுனை கட்டியிருந்த இரும்புக் காலில்தான் எங்கள் செவலைப் பசுவும் கட்டியிருந்தது. விடியற்காலையில் அம்மா பால் செம்போடு போனபோது அது சாய்ந்து கிடந்தது. தொடப்போன அம்மாவை அப்பா கத்திய கத்தலில் நிறுத்தினார். திண்ணைக்கு ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டுத்தான் நாங்கள் கொட்டகைக்குள் காலை வைத்தோம். பீஸ் கட்டை அப்படியே இருந்தது, போகவே இல்லை. ஏன் போகவில்லை என்று அப்பா வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஈர மண் வழியாகவும் பசுவின் உடம்பு வழியாகவும் கசிகிற கரண்ட் பீஸ் கம்பியை உருக்கப் போதாது. அந்தக் கம்பி உருகப் பல ஆம்பியர் வேண்டும். ஓர் உயிர் போக ஆம்பியரில் மிகச் சிறிய பின்னம் போதும். நாலு காலையும் அகட்டி ஈரத்தில் நிற்கிற மாட்டுக்கு, முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே பாய்கிற கரண்ட் நேராக இதயத்தின் வழியே போகிறது. இந்த விளக்கம் எனக்குக் கிடைத்தபோது அப்பா இல்லை. அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் பல்பு எரியவில்லை. அம்மா அரிக்கேன் விளக்குக்குத் திரும்பிவிட்டாள்.

வேலை கிடைத்து நான் கடலூருக்கு வந்து, மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டி, 1984-இல் ஸ்கூட்டருக்கென்று ஒரு செட் போட்டேன். அது கல்நார் ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் என்று சொன்னால்தான் கடையில் கொடுப்பார்கள். மேய வேண்டாம், ஒழுகாது, தீப்பிடிக்காது, இருபது வருஷத்துக்குக் கவலை இல்லை என்று சொன்னார்கள். அந்த நாலும் உண்மை. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதையும், சில நாடுகள் அதைத் தடைசெய்யத் தொடங்கிவிட்டன என்பதையும் அப்போது எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. ஷீட்டை வாளால் அறுத்தபோது எழுந்த வெள்ளைத் தூசுக்குள் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. ஸ்கூட்டர் சீட் தோசைக்கல்லாகும். கொட்டகை என்றால் குளிர்ச்சி என்று நாற்பது தலைமுறை அறிந்திருந்ததை ஒரே வருஷத்தில் மாற்றிக்கொண்டோம்.

ஆனாலும் சாயங்காலங்கள் அந்தச் செட்டில் நன்றாகவே இருந்தன. ஸ்கூட்டரை வாசலில் தள்ளி நிறுத்திவிட்டு, கேரம் போர்டை இரும்பு ஸ்டூலில் வைத்து, மேலே தாழ்வாக ஒரு பல்பைத் தொங்கவிட்டால் தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். வரம்பு பார்த்து ஸ்ட்ரைக்கரை அடிக்கப் போகிற சமயம் சரியாகக் கரண்ட் போகும். தெரு முழுக்க ஒரே குரலில் "ஓ...!" என்று கத்தும். வீடுகளிலிருந்து ஆட்கள் விசிறியும் கையுமாக வெளியே வந்து உட்காருவார்கள். கெடில ஆற்றுப் பக்கமிருந்து காற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகளுக்கு எங்கே வரன் என்பதெல்லாம் அந்த அரைமணி நேரத்தில்தான் தெரியவரும். 2012-இல் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் கரண்ட் போனபோது அந்தச் சுகமும் தீர்ந்துபோய் எல்லோரும் இன்வெர்ட்டர் வாங்கினோம். இப்போது கரண்ட் போனால் ஒரு 'பீப்' சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

அந்தப் பன்னிரண்டு மணி நேரக் கரண்ட் வெட்டுக்கு ஒரு வருஷம் முன்னால்தான் 'தானே' புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. எங்கள் செட்டின் ஷீட்டுகளைக் காற்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனதை ஜன்னலிடுக்கில் நின்று பார்த்தோம். விடிந்ததும் அவற்றில் ஒன்று மூன்றாவது வீட்டுக் கிணற்றில் கிடந்தது. கம்பங்கள் சாய்ந்து கரண்ட் இல்லாத அந்த நாட்களில், பரணிலிருந்து அம்மாவின் அரிக்கேன் விளக்கை இறக்கித் துடைத்துத் திரியேற்றினோம். அது நாற்பது வருஷம் கழித்தும் எரிந்தது. 2015 மழையில் செட்டுக்குள் முழங்கால் தண்ணீர்; தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்திருந்த பிளக் மூழ்கியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது எங்கள் பக்கம் தப்பித்தாலும், ராத்திரி முழுக்க விழித்திருந்தோம். ஆகவே புதிய செட்டுக்கு நான் முதலில் சொன்ன நிபந்தனை, எந்தப் பிளக்கும் நாலடிக்குக் கீழே வரக்கூடாது என்பது. "அழகா இருக்காதே சார்" என்றார் தம்பி. இருக்காதுதான். இருக்கட்டும் என்றேன்.

கூரை விஷயத்தில்தான் நாள் போயிற்று. கல்நார் வேண்டாம் என்று வண்ணத் தகர ஷீட் போட்டோம். அக்னி நட்சத்திரத்தில் அதன் அடிப்பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. மேஸ்திரி வழிகள் சொன்னார்: பஃப் பேனல், தெர்மோகோல், கண்ணாடிப் பஞ்சு, வெள்ளிக் காகிதம் ஒட்டிய குமிழி ஷீட். அந்த வாரம் மிச்சிகனிலிருந்து மகன் பேசினான். அவனும் அங்கே வீட்டுக் காரேஜை முடித்துக்கொண்டிருந்தான். மரச்சட்டங்களுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் கண்ணாடிப் பஞ்சுப் பாயைச் செருகி, ஜிப்சம் பலகையால் மூடுவதைக் காட்டினான். "உள்ள இருக்கற சூடு வெளிய போகக்கூடாதுப்பா" என்றான். "எங்களுக்கு வெளிய இருக்கறது உள்ள வரக்கூடாதுடா" என்றேன். பனிக்காலத்து உறைகுளிருக்கு எதிராக அவனும், நாற்பது டிகிரி வெயிலுக்கு எதிராக நானும், உலகத்தின் இரண்டு ஓரத்தில் ஒரே வேலையைத் திருப்பிப்போட்டுச் செய்துகொண்டிருந்தோம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அசையாமல் அடைபட்ட காற்று. அவன் கையிலிருந்த பஞ்சுக்குள்ளும் அதுதான், அப்பாவின் கீற்றுக்குள்ளும் அதுதான்.

அது பிடிபட்ட பிறகு தீர்மானிப்பது சுலபமாயிற்று. வெள்ளிக் காகிதத்தைத் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே இடமே இல்லாமல் அமுக்கிவிடுவதாக இருந்தார்கள். அப்படிச் செய்தால் அது வெறும் காகிதம். அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னால் காற்று இருந்தால்தான் வெப்பக்கதிரைத் தடுக்கும். ஆகவே தகரத்திலிருந்து நாலு அங்குலம் இறக்கிக் குமிழி ஷீட்டைக் கட்டச் சொன்னேன். அதற்கும் கீழே ஓர் அடி விட்டு மூங்கில் தட்டி. இரண்டு பக்க முகட்டுச் சுவரிலும் சூடு வெளியேறத் திறப்பு, பூச்சி வராமல் வலை. தகரத்தின்மேல் வெள்ளை பெயின்ட். மேற்கே ஒரு புங்கங்கன்று. வேலை முடிந்த அன்று பகல் இரண்டு மணிக்கு உள்ளே போய் நின்று பார்த்தேன். கீற்றுக் கொட்டகையின் குளிர்ச்சி இல்லை. ஆனால் நிற்க முடிந்தது, ஒரு நாற்காலி போட்டு உட்காரவும் முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய இந்த அளவுக்கே மனசு நிறைந்துபோயிற்று. குட்டையில் மட்டை ஊறப்போட்ட அந்தக் கைகளுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று தோன்றியது.

ஒரு விஷயத்தில் மட்டும் பழையதை நான் விரும்பவில்லை, அது ஒயரிங். தம்பி ஐ.டி.ஐ. படித்தவர். வாசலோரம் எட்டடிக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப்பை நிறுத்தி, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் எடுத்தார். கடலோர மணல் கோடையில் வறண்டால் கரண்டை வாங்காது. வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் இதில் ஊற்றுங்கள் என்று என் மனைவியிடம் சொல்லிவைத்தார். பிறகு டிபி பாக்ஸில் ஆர்.சி.சி.பி. என்ற ஒன்றை மாட்டினார். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். வழியில் யார் உடம்பிலாவது, ஈரச் சுவரிலாவது 30 மில்லி ஆம்பியர் நழுவினால் கணக்கு உதைக்கும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அமெரிக்காவில் காரேஜ் பிளக்குகளுக்கு இதே மாதிரி ஒன்றை 1978-லேயே விதியில் சேர்த்துவிட்டார்கள் என்று மகன் சொன்னான். அங்கே இன்னும் குறைவாக, 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே அணைந்துவிடுமாம். எங்கள் செவலை செத்து நாலே வருஷம் கழித்து என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

போன மாதம் மகளும் மருமகனும் சிதம்பரத்திலிருந்து பேட்டரி காரில் வந்தார்கள். ராத்திரி செட்டில் நிறுத்தி, தனி லைன் பிளக்கில் செருகிவிட்டுப் படுக்கப் போனார்கள். மூன்று கிலோவாட், விடிய விடியப் பத்து மணி நேரம், முப்பது யூனிட். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் கணக்குப் போட்டால் யூனிட்டுக்கு ஒரு கிலோ அளவில் முப்பது கிலோ. ஏறக்குறைய ஒரு ஜோடி மாட்டுக்கு வைக்கிற வைக்கோல், தீவனம். தூக்கம் வராமல் எழுந்து போய்ப் பார்த்தேன். சின்னப் பச்சை விளக்கு மினுங்க, மெல்லிய ரீங்காரத்தோடு கார் நின்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது: அப்பாவின் வண்டி ராத்திரி வீட்டிலேயே தின்றது. என் ஸ்கூட்டரும் அதற்குப் பின்னால் வந்த பெட்ரோல் காரும் பங்க்கில் தின்றுவிட்டு வந்து வெறுமனே நின்றன. ஐம்பது வருஷம் கழித்து இப்போது மறுபடியும் வண்டி கொட்டகையிலேயே தின்கிறது. மூங்கில் தட்டியின் கீழே அந்த ரீங்காரத்தைக் கேட்டபடி வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரும்போது டிபி பாக்ஸைத் திறந்து, ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பட்டனை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது, கார், விளக்கு, கேமரா எல்லாம் அணைந்து கொட்டகை பழைய இருட்டானது. மறுபடி தூக்கிவிட்டு வந்து படுத்தேன்.

உங்கள் வீட்டு டிபி பாக்ஸிலும் அந்தப் பட்டன் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மாதத்துக்கு ஒரு தரம் அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். அது அந்தப் பெட்டியைத்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. எர்த்தை ஒயர்மேனை அழைத்துத் தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பட்டனே இல்லையென்றால், மாட்டுக் கொட்டகையோ கார் செட்டோ எதுவானாலும் சரி, ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அதை மாட்டச் சொல்லுங்கள்.